யாருடைய சைக்கிள்? பழவேற்காடும் புதுக்கோட்டையும்

சைக்கிள் பெண்களுக்கு விடுதலை தந்தது என்ற வாக்கியத்தைப் பெண்ணிய வரலாற்று நூல்களில் அடிக்கடி பார்க்கிறோம். அதற்கு ஆதாரங்கள் உண்டு. ஆனால் அந்த வாக்கியத்தைப் பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தால் அது தடுமாறுகிறது. தமிழகக் கடற்கரையில் சைக்கிள் பரவியபோது, மீன் விற்கும் பெண்களின் சந்தையைத்தான் அது முதலில் சுருக்கியது. அதே சைக்கிள் இதே மாநிலத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்களின் அன்றாடத்தை மாற்றியது. ஒரே வண்டி இரண்டு இடங்களில் ஏன் இரண்டு விதமாக ஓடியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

வண்டி வந்த கதை

இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் வடிவம் 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ வண்டியிலிருந்து வந்தது. சம அளவில் இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலி. அதற்கு முன்பிருந்த உயரமான ஒற்றைப் பெருஞ்சக்கர வண்டியில் பாவாடை அணிந்த பெண் ஏறுவது ஏறக்குறைய முடியாத காரியம். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடுத்தர வர்க்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள்.

எதிர்ப்பும் கூடவே வந்தது. சைக்கிள் ஓட்டும் பெண்ணின் முகம் கோணிப்போகும் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். கருப்பை கெடும் என்றார்கள். 1897 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குப் பட்டம் வழங்குவது பற்றி வாக்கெடுப்பு நடந்தபோது, ஆண் மாணவர்கள் ஒரு பெண் உருவபொம்மையைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். படிக்கிற பெண்ணைக் கேலி செய்ய அவர்களுக்குக் கிடைத்த உருவம் சைக்கிள் ஓட்டுகிற பெண். தீர்மானம் தோற்றது. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தர 1948 வரை ஆயிற்று.

அமெரிக்க மதுவிலக்கு இயக்கத் தலைவர் ஃபிரான்சஸ் வில்லார்ட் 53 வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு, அந்த அனுபவத்தை 1895இல் புத்தகமாக எழுதினார். வாக்குரிமைப் போராளி சூசன் பி. ஆன்டனி, பெண் விடுதலைக்கு உலகில் வேறெதையும்விட அதிகம் செய்தது சைக்கிள்தான் என்று 1896இல் ஒரு பேட்டியில் சொன்னார். நாம் அடிக்கடி பார்க்கும் அந்த வாக்கியத்தின் ஊற்று இதுதான்.

அதே ஆண்டுகளில் பாஸ்டன் நகரத்தில் கிட்டி நாக்ஸ் என்றொரு கறுப்பினத் தையற்காரப் பெண் இருந்தார். சிறந்த சைக்கிள் ஓட்டி. அமெரிக்கச் சைக்கிள் ஓட்டிகள் சங்கத்தில் 1893இல் உறுப்பினரானார். அடுத்த ஆண்டே அந்தச் சங்கம் வெள்ளையர் மட்டுமே சேரலாம் என்று விதியைத் திருத்தியது. 1895இல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தன் உறுப்பினர் அட்டையோடு அவர் போய் நின்றபோது பெரும் சர்ச்சை எழுந்தது. சைக்கிள் எல்லாப் பெண்களுக்கும் ஒரே வேகத்தில் ஓடவில்லை.

நமக்கு இது புதிய செய்தியும் இல்லை. சாதி இந்துக்களின் தெருவில் தலித்துகள் சைக்கிளிலிருந்து இறங்கி அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழகக் கிராமங்கள் பலவற்றில் அண்மைக்காலம் வரை இருந்தது. ஒரு வாகனத்தின் மேல் உட்கார்ந்தால் உட்கார்ந்தவரின் தலை மற்றவர் தலைக்கு மேலே போகிறது. சாதிக்கு அதுதான் பொறுக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற ஆணைப் பற்றியாவது கதைகளும் வழக்குகளும் இருக்கின்றன. அந்தத் தெருவில் சைக்கிளைத் தொடவே வாய்ப்பில்லாத தலித் பெண்ணைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

நகர்ந்தவர்களும் நகர்த்தப்பட்டவர்களும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனையும் முகத்துவாரமும் தமிழகத்தில். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். சுற்றுலா வருகிறவர்கள் டச்சுக் கல்லறைகளையும் அவற்றின் வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். துணி ஏற்றுமதி பற்றி வழிகாட்டிகள் சொல்வார்கள். இதே துறைமுகத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாக பட்டாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டதைச் சொல்பவர்கள் குறைவு. பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள், போரில் பிடிபட்டவர்கள், கடத்தப்பட்டவர்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுக்கிறது. வகுப்பறையில் அந்த நூற்பாவை நடத்தும்போதெல்லாம் எனக்குப் பழவேற்காடு நினைவுக்கு வரும். கடல் கடந்த பெண்கள் இருந்தார்கள்; அவர்களைக் கடத்தியவர்களும் இருந்தார்கள். எனவே நகர்தலையே விடுதலை என்று எழுதிவிட முடியாது. எங்கே போவது, எப்போது திரும்புவது, கையில் என்ன எடுத்துப்போவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நெய்தல் நிலத்துப் பெண்கள் வீட்டுக்குள் இருந்தவர்களும் இல்லை. அகநானூற்றில் உமணர் மகள் உப்பும் நெல்லும் ஒரே விலை என்று கூவிக்கொண்டு தெருவில் போகிறாள். மீனைக் கொடுத்து நெல் வாங்கும் பரதவப் பெண்கள் சங்கப் பாடல்களில் வருகிறார்கள். ஆண் பிடிப்பான், பெண் விற்பாள் என்பது இந்தக் கரையின் மிகப் பழைய வேலைப் பிரிவினை. விற்பதற்கு நடக்க வேண்டும். அந்த நடைதான் அவளுடைய வருமானத்தின் எல்லை.

பழவேற்காட்டில் அந்த எல்லைகள் இன்னும் நுணுக்கமாக வகுக்கப்பட்டிருக்கின்றன. ஏரியில் மீன் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ முறை இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகம் இதைப் போற்றிக் காத்துவருகிறது. வளத்தைச் சண்டையில்லாமல் பகிரும் ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். பாராட்டு நியாயமானதே. ஆனால் பாட்டில் பங்கு அந்தச் சமூகத்து ஆண்களுக்குத்தான். பெண்ணின் பெயரில் பாடு இல்லை. பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மற்ற சாதியினரும் இருளர்களும் வலையில்லாமல் கையால் இறால் தடவுகிறார்கள். ஆழமில்லாத நீரில் இருளர் பெண்கள் மணிக்கணக்காகக் குனிந்தும் தவழ்ந்தும் சேற்றில் துழாவுகிறார்கள். பிடித்த இறாலைப் போடும் பறியை அவர்கள் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்கிறார்கள், இரண்டு கைகளும் வேலைக்கு வேண்டும் என்பதால். ஊருக்குள்ளே முஸ்லிம் பெண்கள் வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் பனையோலைப் பெட்டிகள் முடைகிறார்கள். அந்தப் பெட்டிகள் போகும் தூரம் முடைந்த பெண்கள் போவதில்லை.

கேரியரில் ஏறிய ஐஸ் பெட்டி

சும்மாடு கோலி, அதன்மேல் கூடையை வைத்து, ஒரு பெண் அதிகம் போனால் எட்டுப் பத்து கிலோமீட்டர் நடக்கலாம். மீன் கெடுவதற்குள் விற்று முடிக்க வேண்டும். வெயில் ஏறும், பிள்ளைக்குப் பால் கட்டும். மீதமான மீனைக் கருவாடாக்குவதும் அவள் வேலைதான்.

ஐஸ் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும் மீனின் ஆயுள் கூடியது. மீன் கூடுதல் தூரம் போகலாம் என்றானது. அந்தத் தூரத்தைச் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். டபுள் பார் போட்ட கனமான வண்டி, பின்னால் அகலக் கேரியர், அதன்மேல் கயிற்றால் இறுக்கிய பெட்டி. விடியலில் கரையில் ஏலம் எடுத்த ஆண் வியாபாரி, கூடைக்காரி முதல் ஊரை எட்டுவதற்குள் மூன்றாவது ஊரில் மணியடித்தார். 1980இல் டி.வி.எஸ். 50 சந்தைக்கு வந்த பிறகு இந்த இடைவெளி இன்னும் பெருகியது. இறால் ஏற்றுமதி நிறுவனங்களின் முகவர்கள் கரைக்கே வந்து எடைபோட்டு எடுத்துப் போனார்கள். விலை கிடைக்கிற மீன் எல்லாம் சக்கரத்தில் போக, கழித்ததும் மலிந்ததும் கூடைக்கு மிஞ்சின. தமிழகக் கடற்கரையில் பரவலாக நடந்தது இது.

இதில் எந்தத் தனி ஆணின் கெட்ட எண்ணமும் தேவைப்படவில்லை. சைக்கிள் வாங்கக் கடன் வேண்டும். கடன் ஆண் பெயரில் கிடைத்தது. ஓட்டக் கற்க வேண்டும். ஆண் பிள்ளைகள் அப்பாவின் வண்டியில் குரங்குப் பெடல் போட்டுத் தெருவில் விழுந்து எழுந்து கற்றார்கள். விழுவதற்கான அனுமதி பெண் பிள்ளைகளுக்கு இல்லை. முழங்காலில் சிராய்ப்பு ஆணுக்கு வளர்ச்சி, பெண்ணுக்குக் குறை. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை பழவேற்காட்டிலிருந்து ஒரு பகல் பொழுதில் மிதித்துப் போய்விடக்கூடிய தூரத்தில், அம்பத்தூரில் இருந்தது. சைக்கிள் எட்டாத பொருளாக இருக்கவில்லை. பெண்ணுக்கும் அதற்கும் நடுவே நின்றவை வேறு.

பேருந்து இருந்ததே என்று கேட்கலாம். மீன் கூடைக்கும் பேருந்துக்கும் உள்ள பகை பழையது. திருவனந்தபுரம் கடற்கரையின் மீன் விற்கும் பெண்கள் தங்களைப் பேருந்தில் ஏற்ற மறுப்பதை எதிர்த்துப் போராடி, 1980களின் தொடக்கத்தில் தங்களுக்கெனத் தனிப் பேருந்துகளைப் பெற்றார்கள். தமிழகத்தில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அது பெரிய திறப்பு. அதே ஆண்டு டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய முதிய பெண்மணி ஒருவர் நாற்றம் வருகிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட காட்சி நாடெங்கும் பரவி, பணியாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. கட்டணம் இல்லாமல் போனது. கூடைக்கு இடம் இன்னும் இல்லை.

புதுக்கோட்டை, 1991–1993

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. நாடு முழுவதும் நடந்த முழு எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதி. மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளின் தொண்டர்களும் சேர்ந்து நடத்தினார்கள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கற்க வந்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். கற்பித்தவர்களிலும் கணிசமானோர் பெண்கள். மாலையில் வேலை முடிந்துதான் வகுப்பு. ஊருக்கு ஊர் தூரம் அதிகம், பேருந்து குறைவு. தொண்டர் ஒருத்தி இரவு எட்டு மணிக்கு வகுப்பு முடித்து வீடு திரும்ப அண்ணனையோ கணவனையோ எதிர்பார்க்க வேண்டியிருந்தால் இயக்கம் நடக்காது.

இந்த நடைமுறைச் சிக்கலிலிருந்துதான் சைக்கிள் வந்தது. பெண் தொண்டர்கள் சைக்கிள் கற்க வேண்டும் என்று தொடங்கியது, பிறகு கற்கும் பெண்களுக்கும் பரவியது. எழுத்து, எண் ஆகியவற்றோடு நடமாட்டமும் எழுத்தறிவின் பாடம் என்று ஆட்சியர் அறிவித்தார். அறிவொளியின் ஒருங்கிணைப்பாளர் என். கண்ணம்மாள் இதில் முன்னின்றார். பட்டதாரியான அவரே அதற்கு முன் ஊரறியச் சைக்கிள் ஏறத் துணிந்ததில்லை. வயல் வேலை செய்பவர்கள், கல்குவாரியில் உடைப்பவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியைகள், முஸ்லிம் குடும்பத்து இளம்பெண்கள் என எல்லோரும் வந்தார்கள். ஊர்ப் பொட்டல்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி நடந்தது. கற்றவள் அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். சைக்கிள் பற்றி அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதிய பாட்டு இயக்கத்தின் கீதமாகவே ஆனது.

1992 மகளிர் நாளில் புதுக்கோட்டை நகரத்தில் 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கைப்பிடியில் கொடி, விடாத மணியொலி. அந்தக் காலத்தில் மாவட்டத்துக்கு வந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள் என்று பதிவு செய்தார். பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல். 70,000க்கும் மேற்பட்டோர் பொது இடங்களில் நடந்த போட்டிகளிலும் காட்சிகளிலும் ஓட்டிக் காட்டினார்கள். அவருடைய நூல் 1996இல் வெளிவந்தபோது இந்தக் கதை உலகெங்கும் போனது.

அந்தப் பதிவில் என்னை நிறுத்தும் விவரம் ஒன்று உண்டு. லேடீஸ் சைக்கிள் போதாமல் போனதால் பெண்கள் நடுவில் பார் உள்ள ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். பின்பு அதையே விரும்பினார்கள். பின்னால் கேரியரில் குடமோ சுமையோ, முன்னால் பாரில் பிள்ளை. ஐரோப்பாவில் பாவாடைக்காக வளைத்துக் கொடுத்த கம்பியைப் புதுக்கோட்டைப் பெண்கள் நேராகவே கேட்டார்கள். சீமைப் பெண்ணுக்குச் சைக்கிள் உலாவுக்கான வண்டி. இவர்களுக்கு அது பிள்ளையும் தண்ணீரும் விளைபொருளும் ஏற்றுகிற வண்டி. பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. விற்பனைக்குப் போய்த் திரும்பிப் பிள்ளைக்குச் சோறு போட முடிந்தது. விற்காமல் மிஞ்சியதை அடுத்த ஊருக்கும் கொண்டு போக முடிந்தது. கடற்கரையில் ஆண் வியாபாரிக்குச் சைக்கிள் என்ன செய்ததோ அதையே இங்கே பெண்ணுக்கும் செய்தது.

வேறுபாட்டை இப்போது பார்க்கலாம். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஆட்சியர் ஏற்பாடு செய்தார். கல்குவாரிகளின் குத்தகை பெண் தொழிலாளர் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது. வேலைக்கும் கூலிக்கும் போக வண்டி தேவைப்பட்டது. ஆயிரம் பேர் ஒன்றாக விழுந்து எழுந்ததால் விழுவது வெட்கமாக இல்லை. கேலி செய்த ஆண்கள் இருந்தார்கள். ஒருத்தியைக் கேலி செய்யலாம். ஊரே மிதிக்கும்போது கேலிக்கு ஆள் போதாது. கடன், சந்தை, கூட்டம் என்ற மூன்றும் சேர்ந்தபோது வண்டி பெண்ணின் கைக்கு வந்தது.

இதைப் பொற்காலமாக்கவும் கூடாது. புதுக்கோட்டைச் சைக்கிள் அனுபவத்தை ஆராய்ந்த நித்யா ராவ், நடமாட்டம் கூடியதையும் தன்னம்பிக்கை வளர்ந்ததையும் பதிவு செய்தார். ஆனால் வீட்டில் ஒரே சைக்கிள் இருந்தால் அது யாருக்கு என்ற கேள்வி மாறவில்லை. சைக்கிள் வந்ததால் தண்ணீர் எடுப்பதும் ரேஷன் வாங்குவதும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் இன்னும் உறுதியாகப் பெண்ணின் வேலைகள் ஆயின. வேகம் கூடினால் வேலையும் கூடும் என்பது நமக்குக் கிரைண்டரும் மிக்சியும் ஏற்கெனவே கற்றுத்தந்த பாடம்.

பள்ளிக்கூட வாசலில்

2001-02இல் தமிழக அரசு மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் படிக்கும் மற்ற மாணவ மாணவியருக்கும் அது விரிந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லப்பட்ட சமூகங்களின் மகள்களிடமிருந்து இந்தத் திட்டம் தொடங்கியதை நாம் போதுமான அளவு எழுதவில்லை. 2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியதாகவும் ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டார்கள். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பயன் மிகுதி.

நான் வளர்ந்த காலம் இந்தத் திட்டங்களுக்கு முந்தியது. மணிக்கு இவ்வளவு என்று வாடகைச் சைக்கிள் எடுத்துக் கற்றவள் நான். பெரியவளானதும் சைக்கிள் நின்றது. தாவணி சங்கிலியில் மாட்டும் என்றார்கள். செயின் கார்டு போட்டால் மாட்டாது என்று எல்லோருக்கும் தெரியும்.

சென்ற ஆண்டு பங்குனியில், கல்லூரியில் வரலாறு நடத்தும் தோழியும் நானும் பொன்னேரியிலிருந்து மேதூர், திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காட்டுக்குச் சைக்கிளில் போனோம். இருபது கிலோமீட்டருக்குள்தான். வழியில் மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. பகல் ஏறியதும் எதிரே அடிக்கத் தொடங்கும் கடற்காற்றுதான் அந்தச் சாலையின் மலை. பள்ளிக்கூடச் சைக்கிளில் பெண்கள் இரண்டிரண்டு பேராக டபுள்ஸ் போய்க்கொண்டிருந்தார்கள். “எங்கக்கா போறீங்க? ஏரிக்கா?” என்று கேட்டு எங்களைச் சுலபமாகத் தாண்டினார்கள். கரையை நெருங்க நெருங்கச் சைக்கிளில் பெண்கள் குறைந்தார்கள். ஏலக்கூடத்தின் பக்கத்தில் சைக்கிளும் மொபெட்டும் வரிசையாக நின்றன. பெண்கள் அன்னக்கூடைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடம் தோழி பேச்சுக் கொடுத்தாள். “சைக்கிளா? எம்பொண்ணுக்கு பள்ளிக்கூடத்துல குடுத்தாங்கம்மா. நல்லா ஓட்டுவா. இப்ப அத மருமவன்தான் எடுத்துனு போறாரு” என்றார். அதில் அவருக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. “நான் ஓட்டுனா கூடைய யார் புடிக்கிறது?” என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் தோழி அதிகம் பேசவில்லை. காற்று இப்போது முதுகைத் தள்ளியது. திருப்பாலைவனத்தில் மோர் குடிக்க நின்றபோது, “திட்டத்தோட கணக்கு பள்ளிக்கூட வாசல்லயே முடிஞ்சிருது, பாத்தியா?” என்றாள்.

கணக்கு எங்கே முடிகிறது

அவள் சொன்னதைத்தான் நாம் தொடர வேண்டும். எத்தனை சைக்கிள் கொடுத்தோம் என்று அரசு எழுதிவைக்கிறது. எத்தனை பெண்கள் பள்ளியில் சேர்ந்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, கல்யாணம் ஆகி, ஐந்து வருடம் கழித்து அந்தச் சைக்கிள் யாரிடம் இருக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. பழவேற்காட்டில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த இளம்பெண்கள் நிறைய இருக்கிறார்கள். 1991இல் புதுக்கோட்டைக்குத் தேவைப்பட்ட பயிற்சி இங்கே பள்ளியிலேயே முடிந்துவிட்டது. கடனும் சந்தையும் கூட்டமும்தான் இல்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்த மகள் மீன் தொழிலுக்குள் வரும்போது, அங்கே அவளுக்கு வைத்திருக்கும் இடம் தரையில் கூடையோடு உட்காரும் இடம்தான். பாடு அவள் பெயரில் இல்லை. ஐஸ் பெட்டி வாங்கக் கடன் அவள் பெயரில் இல்லை. ஏலத்தில் அவள் குரல் எடுபடுவதில்லை. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்த பிறகு கரையும் மீனும் குறைகின்றன என்ற கவலை இந்த ஊர்களில் பேச்சாக இருக்கிறது. வளம் சுருங்கும்போது முதலில் வெளியே தள்ளப்படுவது கூடைக்காரிகள்தான்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒரு வேலை சொல்ல விரும்புகிறேன். உங்கள் வீட்டுக்கு முதல் சைக்கிள் எப்போது வந்தது என்று அம்மாவிடமும் பாட்டியிடமும் கேளுங்கள். யார் பணத்தில் வந்தது, யார் பெயரில் ரசீது இருந்தது, பூட்டுச் சாவி எந்த ஆணியில் தொங்கியது, அம்மா அதைத் தொட யாரிடம் கேட்க வேண்டியிருந்தது, எந்த வயதில் ஓட்டுவதை நிறுத்தினாள், நிறுத்தச் சொன்னது யார் என்று கேளுங்கள். பதிலைப் பெயர், ஊர், வருடத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் இன்று யாரிடம் இருக்கிறது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். தமிழ்ப் பெண்களின் சைக்கிள் வரலாற்றில் புதுக்கோட்டை நன்றாக எழுதப்பட்ட ஒரு பக்கம். மற்ற மாவட்டங்களின் பக்கங்களை எழுத வேண்டியவர்கள் அந்தச் சாவி தொங்கிய வீடுகளில் வளர்ந்தவர்கள்தான்.